தேனின் எடையும் கொள்ளளவும்: சமையலில் அளவு பிசகும்போது காரணத்தைக் கண்டறியும் வழி

தேனை அளக்கும்போது நேரும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் பிறக்கின்றன. மில்லிலிட்டரில் சொன்னதைக் கிராமாகவோ, கிராமில் சொன்னதை மில்லிலிட்டராகவோ எடுத்துக்கொள்வதே அந்த இடம். தண்ணீருக்கு இரண்டும் ஒன்றுதான். பாலுக்கும் மோருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அந்தப் பழக்கத்திலேயே கை தேனையும் அளந்துவிடுகிறது. தேனோ தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. ஈரப்பதம் 17 அல்லது 18 விழுக்காடு உள்ள நல்ல தேன், 20 டிகிரி செல்சியஸில் ஒரு மில்லிலிட்டருக்கு 1.42 கிராம் எடை இருக்கும். ஆகவே மில்லிலிட்டரை 1.42-ஆல் பெருக்கினால் கிராம் கிடைக்கும், கிராமை 1.42-ஆல் வகுத்தால் மில்லிலிட்டர் கிடைக்கும். மனக்கணக்காகப் போட விரும்புகிறவர்கள் ஐந்து மில்லிலிட்டருக்கு ஏழு கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு தேக்கரண்டித் தேன் ஏழு கிராம், ஒரு மேசைக்கரண்டித் தேன் இருபத்தொரு கிராம் என்பவை இந்தக் கணக்கில் வருபவையே.

இனி, சமையலறையில் என்ன கோளாறு தென்படுகிறது என்பதை வைத்துக் காரணத்தைத் தேடலாம்.

ஒரு கிலோ தேன் வாங்கினேன். லிட்டர் பாட்டில் நிரம்பவில்லை

கடைக்காரர் குறைத்துக் கொடுத்துவிட்டார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். ஒரு கிலோ தேன் ஏறத்தாழ 704 மில்லிலிட்டர்தான் வரும். லிட்டர் பாட்டிலில் முப்பது விழுக்காடு இடம் காலியாகத்தான் இருக்கும். அரைக் கிலோ தேன் 352 மில்லிலிட்டர், கால் கிலோ 176 மில்லிலிட்டர். அளவில் உண்மையிலேயே ஐயம் இருந்தால் பாட்டிலோடு எடை போட்டு, காலி பாட்டிலின் எடையைக் கழித்துப் பார்ப்பதுதான் முறை. கண்ணால் மட்டம் பார்த்துச் சொல்வது எந்த வகையிலும் பொருந்தாது.

விலையை ஒப்பிடும்போதும் இதே கணக்கு வேண்டும். மலையடிவாரங்களிலும் சாலையோரங்களிலும் தேனைப் பாட்டில் கணக்கில் விற்பார்கள். கடையில் அடைத்த தேன் கிராம் கணக்கில் வரும். 500 மில்லிலிட்டர் பாட்டில் 400 ரூபாய் என்றும், 500 கிராம் பாட்டில் 300 ரூபாய் என்றும் இருந்தால், பின்னது மலிவு என்றே முதலில் தோன்றும். ஆனால் முன்னதில் 710 கிராம் தேன் இருக்கிறது. கிலோவுக்குக் கணக்கிட்டால் அது 563 ரூபாய், பின்னது 600 ரூபாய். 750 மில்லிலிட்டர் பாட்டில் முழுக்கத் தேன் இருந்தால் அது ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டி, 1,065 கிராம் வரும்.

கேக் திகட்டுகிறது, மேற்புறம் சீக்கிரம் கருகுகிறது, நடுப்பகுதி பிசுபிசுக்கிறது

தேன் மிகுதியாகிவிட்டது என்பதற்கு இவை மூன்றும் சேர்ந்த அடையாளம். தேனில் உள்ள சர்க்கரையில் ஏறத்தாழப் பாதி ஃபிரக்டோஸ் எனும் பழச்சர்க்கரை. அது சாதாரணச் சீனியைவிட விரைவில் நிறம் ஏறுவதால் மேற்புறம் முந்திக்கொண்டு கறுக்கிறது. தேனோடு வரும் நீரும், மிகுந்த சர்க்கரை அந்த நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதும், நடுப்பகுதியை இறுக விடாமல் செய்கின்றன.

காரணம் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது அவுன்ஸ் என்ற சொல்லைத்தான். அமெரிக்கக் குறிப்புகளில் எடைக்கும் அவுன்ஸ் உண்டு, திரவ அளவுக்கும் அவுன்ஸ் உண்டு. எடை அவுன்ஸ் 28.35 கிராம், திரவ அவுன்ஸ் 29.6 மில்லிலிட்டர். தண்ணீரைப் பொறுத்தவரை இரண்டும் நெருங்கி வருவதால் குழப்பம் வெளியே தெரியாது. தேனில் ஒரு திரவ அவுன்ஸ் 42 கிராம். அங்கே ஒரு கப் என்பது எட்டுத் திரவ அவுன்ஸ். அதே ஒரு கப் தேனை எடை போட்டால் பன்னிரண்டு அவுன்ஸ். குறிப்பில் “12 அவுன்ஸ் தேன்” என்று இருந்தால் அது பெரும்பாலும் எடையையே குறிக்கும், அதாவது 340 கிராம், ஒரு கப். அதை அளவுக் கோப்பையில் பன்னிரண்டு அவுன்ஸ் கோடுவரை ஊற்றினால் ஒன்றரைக் கப் ஆகிவிடும். மருந்து ஊற்றும் அவுன்ஸ் கிளாஸ் நம் வீடுகளில் நெடுநாள் பழக்கம் என்பதால், அவுன்ஸ் என்றாலே ஊற்றி அளப்பது என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது.

அவுன்ஸே இல்லாத குறிப்பிலும் இதே பிழை நேரலாம். 340 கிராம் என்று எழுதியிருப்பதை அளவுக் கோப்பையில் 340 மில்லிலிட்டராக ஊற்றினால் உண்மையில் விழுவது 483 கிராம். கூடுதலான 143 கிராமில் ஏறத்தாழ 117 கிராம் சர்க்கரையும் 24 கிராம் நீரும் இருக்கின்றன. இந்த அளவு சர்க்கரை மிகுந்துவிட்டால் எந்தக் கேக்கும் தாங்காது.

மாவோடு கலப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டால் கூடுதல் தேனை எடுத்துவிடலாம். கலந்த பிறகு தெரிந்தால், மற்ற எல்லாப் பொருள்களையும் 1.42 மடங்காக்கி, கூடுதல் மாவைத் தனித் தட்டில் ஊற்றி வேகவைப்பதுதான் உருப்படியான வழி. மைதாவை மட்டும் கூட்டிச் சரிசெய்ய முயன்றால் கொழுப்பு, முட்டை, சோடா ஆகியவற்றின் விகிதம் கெட்டு, ஒரு கோளாறு இரண்டாகிறது. அடுப்பில் வைத்த பிறகு தெரிந்தால், வெப்பத்தை 15 டிகிரி குறைத்து, மேலே அலுமினியத் தாளை மூடி, கூடுதல் நேரம் வேகவிடலாம். கருகுவது நிற்கும், இனிப்பு குறையாது.

இனிப்பு போதவில்லை, பதம் வறண்டு உதிர்கிறது

இது முன்னதற்கு நேர் எதிரான பிழை. 240 மில்லிலிட்டர் தேன் வேண்டிய இடத்தில் தராசில் 240 கிராம் எடுத்தால் கிடைப்பது 169 மில்லிலிட்டர்தான். நூறு கிராம் குறைந்துவிடுகிறது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிராமை மில்லிலிட்டராக எடுத்தால் 42 விழுக்காடு மிகுகிறது. மில்லிலிட்டரைக் கிராமாக எடுத்தால் 30 விழுக்காடு குறைகிறது. ஒரே குழப்பம்தான் என்றாலும், எந்தப் பக்கம் பிசகியது என்பதைப் பொறுத்து விளைவின் அளவு மாறும். அதனால், “போன முறை மிகுதியாக இருந்தது, இந்த முறை முப்பது விழுக்காடு குறைத்துக்கொள்கிறேன்” என்று தோராயமாகத் திருத்தாமல், குறிப்பில் இருந்த எண்ணுக்கே திரும்பிப்போய் அது எந்த அலகு என்று உறுதி செய்துகொள்வது நல்லது.

அலகு எழுதாமல் விட்ட குறிப்புகளில் மற்ற பொருள்களைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். மைதாவும் வெண்ணெயும் கிராமில் இருந்தால் தேனும் கிராமில் இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. பாலும் எண்ணெயும் மில்லிலிட்டரில் இருந்து, தேன் அவற்றோடு அடுத்தடுத்து வந்தால் மில்லிலிட்டராக இருக்கலாம்.

ஒரே குறிப்பில் கரண்டியும் கிராமும் இருக்கின்றன, இரண்டும் ஒத்துவரவில்லை

“2 மேசைக்கரண்டித் தேன், 30 கிராம்” என்று பல குறிப்புகளில் காணலாம். இரண்டு மேசைக்கரண்டி 30 மில்லிலிட்டர். அது 42 அல்லது 43 கிராம் இருக்க வேண்டும். 30 கிராம் என்று எழுதியவர் தேனைத் தண்ணீராகக் கருதி அலகை மாற்றியிருக்கிறார். இந்த இடத்தில் நம்ப வேண்டியது கரண்டி அளவையே. ஏனெனில் அவர் தம் சமையலறையில் கரண்டியால் அளந்து சமைத்துப் பார்த்திருப்பார், கிராம் பின்னால் சேர்த்ததாக இருக்கும். மாறாக, “45 கிராம், 3 மேசைக்கரண்டி” என்று கிராம் முன்னால் நின்று, குறிப்பு முழுதும் தராசு அளவிலேயே சென்றால், கிராமை நம்பி, கரண்டியை விட்டுவிட வேண்டும். எது சமைத்துப் பார்த்த அளவு, எது கணக்கிட்டு எழுதிய அளவு என்பதைக் கண்டுகொண்டால் போதும்.

ஒரு கப் தேன் எத்தனை கிராம் என்பதற்கு இடத்துக்கு ஓர் எண் கிடைக்கிறது

336, 340, 355 ஆகிய மூன்று எண்களும் சரியே; வேறுபாடு தேனில் இல்லை, கப்பில் இருக்கிறது. அமெரிக்கக் கப் 236.6 மில்லிலிட்டர் என்பதால் 336 கிராம் வருகிறது. அதை 240 மில்லிலிட்டராக முழுமைப்படுத்திக்கொண்டால் 340 கிராம். ஆஸ்திரேலியாவில் வழங்கும் 250 மில்லிலிட்டர்க் கப்புக்கு 355 கிராம். பழைய ஆங்கிலேயக் குறிப்புகளில் வரும் 284 மில்லிலிட்டர்க் கப்பாக இருந்தால் 403 கிராம்வரை போகும். நம் ஊரில் விற்கும் அளவுக் கப்புகளில் 240-உம் உண்டு, 250-உம் உண்டு. அடியிலோ கைப்பிடியிலோ பொறித்திருக்கும், ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். மேசைக்கரண்டியிலும் இதே தொல்லை உண்டு: மற்ற இடங்களில் 15 மில்லிலிட்டர், ஆஸ்திரேலியாவில் 20 மில்லிலிட்டர். அங்கே எழுதிய குறிப்பில் நான்கு மேசைக்கரண்டித் தேன் என்றால் நம் கரண்டியில் ஐந்தேகால் கரண்டிக்கு மேல் எடுக்க வேண்டும்.

ஆழாக்கு, உழக்கு, படி என்று எழுதிய வீட்டுக் குறிப்புகளுக்கு அட்டவணையைத் தேடுவதைவிட அந்தப் பாத்திரத்தையே அளப்பது மேல். படி ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்தது. பாட்டி வீட்டு ஆழாக்கில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி எடை போட்டு, பாத்திரத்தின் எடையைக் கழித்தால், வருகிற கிராமே அதன் மில்லிலிட்டர். அதை 1.42-ஆல் பெருக்கினால் அந்த ஆழாக்குக்கு எவ்வளவு தேன் என்பது தெரிந்துவிடும். அந்தக் குறிப்புக்கு அதைவிடச் சரியான எண் வேறெங்கும் கிடைக்காது.

தராசில் மில்லிலிட்டர் வைத்து அளந்தேன், அப்போதும் தவறு

சமையலறை மின்னணுத் தராசுகளில் அலகு மாற்றும் பொத்தானை அழுத்தினால் கிராம், அவுன்ஸ், மில்லிலிட்டர் என்று மாறிக்கொண்டே வரும். அந்த மில்லிலிட்டர் தண்ணீருக்கானது. சிலவற்றில் பாலுக்கும் தனியாக ஒன்று இருக்கும். தராசுக்குத் தெரிவது எடை மட்டுமே. 100 மில்லிலிட்டர் தேனை ஊற்றினால் அது 142 என்று காட்டும். 100 காட்டும்வரை ஊற்றினால் உண்மையில் இருப்பது 70 மில்லிலிட்டர். தேனுக்கு இந்த அலகைத் தொடவே வேண்டாம். கிராமிலேயே வைத்து, வேண்டிய மில்லிலிட்டரை முதலில் கிராமாக மாற்றிக்கொண்டு அளக்க வேண்டும்.

தராசில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, தேனை நூலாக மெல்ல ஊற்றினால், சில தராசுகளில் எண் நெடுநேரம் பூஜ்யத்திலேயே நிற்கும். பூஜ்யத்தை ஒட்டிய சிறு மாற்றங்களைத் தானாகவே நீக்கிப் பூஜ்யத்தைக் காக்கும்படி அவை அமைக்கப்பட்டிருப்பதே காரணம். அதற்குள் சில கிராம் கணக்கில் வராமல் போய்விடும். பூஜ்யமாக்காமல் காலிப் பாத்திரத்தின் எடையைக் குறித்துக்கொண்டு, முடிவில் கழித்துக்கொண்டால் இந்தச் சிக்கல் எழாது.

கணக்கு சரி, கரண்டியும் சரி, ஆனாலும் குறைகிறது

கரண்டியில் ஒட்டியிருப்பதுதான் குறைகிறது. தேக்கரண்டியில் இது பெரிய பங்கு. கப்பில் அவ்வளவாகத் தெரியாது. கரண்டியில் எண்ணெய் தடவியோ வெந்நீரில் நனைத்துத் துடைத்தோ எடுத்தால் தேன் வழுக்கி விழும். குறிப்பில் எண்ணெய் இருந்தால் அதை முதலில் அளந்து, அதே கரண்டியில் தேனை அளப்பது இன்னும் எளிது. இதையெல்லாம்விட நான் பரிந்துரைப்பது வேறு. தேன் பாட்டிலையே தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, பாட்டிலிலிருந்து நேரே மாவில் ஊற்றி, மறுபடி தராசில் வைத்தால், கழித்தல் குறியோடு வரும் எண்ணே மாவில் விழுந்த தேன். –64 என்று காட்டினால் 64 கிராம், மூன்று மேசைக்கரண்டி. கரண்டியும் கப்பும் கழுவ வேண்டியதில்லை. ஒட்டியது எவ்வளவு என்ற ஐயமும் இல்லை. பாட்டிலின் வாயில் தொங்கும் சொட்டை வழித்துப் பாட்டிலுக்குள்ளேயே விட்டுவிட்டு எடை பார்க்க வேண்டும்.

ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான அளவுகளுக்கு மட்டும் கரண்டியே நல்லது. ஒரு கிராம் நுட்பமுள்ள தராசில் மூன்று கிராமை அளந்தால் பிழையின் விகிதம் மிகப் பெரிது.

சீனிக்குப் பதில் தேன் சேர்த்தேன், பதம் கெட்டது

இங்கே கோளாறு கப்புக்குக் கப் மாற்றியதில் இருக்கும். ஒரு கப் சீனி 200 கிராம். ஒரு கப் தேன் 340 கிராம். அந்த 340 கிராமில் சர்க்கரை மட்டுமே ஏறத்தாழ 279 கிராம், நீர் 58 கிராம். ஒரு கப் சீனிக்கு முக்கால் கப் தேன் என்ற வழக்கமான விதி இதனால்தான் வந்தது: முக்கால் கப் என்பது 255 கிராம், அதில் சர்க்கரை ஏறக்குறைய 210 கிராம், நீர் 43 கிராம். அந்த 43 கிராமுக்கு ஈடாகக் குறிப்பிலுள்ள பாலையோ தண்ணீரையோ மூன்று மேசைக்கரண்டி குறைக்க வேண்டும். தேன் புளிப்புத் தன்மை உள்ளது என்பதால் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் சேர்ப்பார்கள். ஓவனின் வெப்பத்தை 15 டிகிரி செல்சியஸ் குறைப்பார்கள். கிராமுக்குக் கிராம் மாற்றினால், அதாவது 200 கிராம் சீனிக்கு 200 கிராம் தேன் என்றால், சர்க்கரை 164 கிராமாகக் குறையும். ஃபிரக்டோஸின் இனிப்பு மிகுதி என்பதால் நாக்குக்குக் குறை தெரியாமல் போகலாம். ஆனால் கேக்கின் மென்மையில் தெரியும்.

எங்கள் ஊர்த் தேனுக்கு 1.42 பொருந்தவில்லை

பொருந்தாமல் இருப்பது இயல்பே. 1.42 என்பது ஈரப்பதம் குறைந்த, முற்றிய தேனுக்கான எண். ஈரப்பதம் 15 விழுக்காடாக இருந்தால் அடர்த்தி 1.435 வரை ஏறும். 20 விழுக்காட்டில் 1.40-க்கு இறங்கும், 21-இல் 1.395. பொதுவாகத் தேனுக்கு 20 விழுக்காடே ஈரப்பதத்தின் உச்ச வரம்பு. ஆனால் காற்றில் ஈரம் நிறைந்த பகுதிகளிலும், மழைக் காலத்திலும், தேனீக்கள் அடையை மெழுகால் முழுதும் மூடுவதற்கு முன்பே எடுத்தாலும் ஈரப்பதம் அதைத் தாண்டும். கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர்த் தோட்டங்களில் பெட்டி வைத்து எடுக்கும் தேனும், பெருந்தேனீ கட்டும் மலைத்தேனும் பெரும்பாலும் இளக்கமாகவே இருக்கும். கொட்டாத சிறு தேனீக்கள் சேர்க்கும் கொசுத்தேன் இன்னும் இளக்கம். அதில் நீர் கால் பங்குக்கு மேல் இருப்பது வழக்கம் என்பதால் 1.42 அதற்கு ஒருபோதும் ஒத்துவராது. இளக்கமாக இருப்பதாலேயே அது கலப்படம் என்று சொல்லிவிட முடியாது. அடர்த்தியை மட்டும் வைத்துக் கலப்படத்தைக் கண்டுபிடிக்கவும் இயலாது.

வெயிலில் தேன் தண்ணீர்போல ஓடுவதைப் பார்த்து எடையும் குறைந்துவிட்டது என்று எண்ணுகிறவர்கள் உண்டு. வெப்பத்தால் பெரிதும் மாறுவது தேனின் ஓட்டம்தான். 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனாலும் அடர்த்தி ஒரு விழுக்காட்டைச் சற்றே தாண்டித்தான் குறையும். சமையலுக்கு அது பொருட்டே அன்று.

கையிலுள்ள தேனின் அடர்த்தியை வீட்டிலேயே அறியலாம். நேர்ப் பக்கமுள்ள சிறிய எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்து, காலியாக எடை போட வேண்டும். 62 கிராம் என்று வைத்துக்கொள்வோம். விளிம்பு மட்டத்துக்குத் தண்ணீர் நிரப்பினால் 242 கிராம். ஆக, கொள்ளளவு 180 மில்லிலிட்டர். டம்ளரை ஈரமில்லாமல் துடைத்து, அதே மட்டத்துக்குத் தேனை ஊற்றி, குமிழ்கள் மேலே வந்து அடங்கும்வரை விட்டுவிட வேண்டும். தேன் விளிம்புக்கு மேல் குவிந்து நிற்கும். கத்தியின் முதுகால் தட்டையாக வழித்துவிட்டு எடை பார்த்தால் 312 கிராம். தேன் மட்டும் 250 கிராம். 250-ஐ 180-ஆல் வகுத்தால் 1.39. இனி அந்தப் பாட்டில் தீரும்வரை 1.42-க்குப் பதில் 1.39-ஐ வைத்துக்கொள்ளலாம். விளிம்பில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் விடை மாறும் என்பதால், அகன்ற டம்ளரைவிட ஒடுங்கி உயர்ந்த டம்ளரே நல்லது.

தேன் உறைந்து சர்க்கரைபோல ஆகிவிட்டது. கரண்டி அளவு தாறுமாறாக வருகிறது

உறைந்த தேனைக் கரண்டியால் அள்ளும்போது இடையிடையே காற்று புகுந்துவிடுகிறது. அடித்து நுரைத்த தேனிலும் அப்படியே. எடை போட்டால் இந்தக் குறை இல்லை. கரண்டியால்தான் அளக்க வேண்டும் என்றால், 40 டிகிரியைத் தாண்டாத வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை நிறுத்தி, முழுதும் இளகிய பிறகு அளக்க வேண்டும். மேலே மட்டும் இளகிய நிலையில் எடுத்தால், குளுக்கோஸ் அடியில் படிகமாகத் தங்கி, மேலே நீர் மிகுந்த பகுதியே கரண்டிக்கு வரும்.

தேன் நெல்லி போட்டேன். தேன் பற்றவில்லை, காய்கள் மேலே மிதக்கின்றன

மிதப்பது தவறன்று. நெல்லிக்காயின் அடர்த்தி தண்ணீரை ஒட்டியது. தேன் அதைவிடக் கனம் என்பதால் காய் மேலே வரத்தான் செய்யும். தேன் பற்றாமல் போவதுதான் அளவுப் பிழை. அரைக் கிலோ நெல்லிக்காய் ஒரு லிட்டர் ஜாடியில் ஏறத்தாழ அரை லிட்டர் இடத்தை அடைக்கும். மீதி அரை லிட்டரை நிரப்ப 710 கிராம் தேன் வேண்டும். காய்க்குச் சமமாகத் தேன் என்று அரைக் கிலோ வாங்கினால் 352 மில்லிலிட்டர்தான் கிடைக்கும், மேல்வரிசைக் காய்கள் வெளியே நிற்கும்.

சில நாள்களில் காயிலிருந்து நீர் இறங்கித் தேன் இளகும். ஜாடியில் மட்டமும் உயரும். ஜாடியை முதலிலேயே கழுத்துவரை நிரப்பாமல் இரண்டு விரற்கடை இடம் விட வேண்டும், நாளுக்கொரு முறை சுத்தமான உலர்ந்த கரண்டியால் காய்களைப் புரட்டிவிட வேண்டும். பொங்கி நுரைத்துப் புளிப்பு வாடை வந்தால் நீர் மிகுந்து நொதித்துவிட்டது என்று பொருள். காய் தீர்ந்த பிறகு மிஞ்சும் தேனை வேறு சமையலுக்கு எடுக்கும்போது 1.42 என்ற கணக்கு செல்லாது. டம்ளரில் அளந்து, வருகிற எண்ணை ஜாடியின் மூடியில் எழுதி ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.